குளிரை எண்ணும் செடி

டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர் வீடுகளில் அக்டோபர் மாதம் தவறாமல் ஒரு வேலை நடக்கும். கோடை முழுவதும் பால்கனியில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வந்து, வெயில் படும் ஜன்னலோரமாக வைப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அதற்கு அங்கேதான் வாசம். வெளியே விட்டால் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சிலர் அதே பால்கனியில் குட்டை லைலாக்கும் வைத்திருப்பார்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஊதாக் கொத்துகளாகப் பூத்து, கதவைத் திறந்தால் வீடு முழுக்க மணக்கும் செடி. கறிவேப்பிலைக்குச் செய்ததை இதற்கும் செய்து, குளிர்காலத்தில் உள்ளே வைத்துப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால், அடுத்த வசந்தத்தில் அரைகுறையாக இலை வரும், பூ வராது. பக்கத்து பால்கனிக்காரர் தன் லைலாக்கைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பனி மூடி, இலை ஒன்றுகூட இல்லாமல், செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியாதபடி நின்ற செடி அது. அதில் கிளைக்குக் கிளை பூ.

கதகதப்பில் வளர்ந்தது பூக்கவில்லை; பனியில் நின்றது பூக்கிறது. ஏன்? ஆப்பிள் மரம் ஏன் சென்னையில் காய்ப்பதில்லை என்று யோசித்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் யோசித்திருக்கிறார்கள். விடையை லைலாக்கில் தேடுவது சுலபம். இந்தச் செடியைத் தூங்கவைப்பதையும் எழுப்புவதையும் ஐரோப்பாவில் சிலர் தொழிலாகவே செய்திருக்கிறார்கள்.

மல்லிகைக்கு உறவு

லைலாக் நமக்கு அந்நியமாகத் தோன்றினாலும் அதன் குடும்பம் அந்நியமானதல்ல. ஆலிவ் குடும்பம் என்று தாவரவியலாளர்கள் வகுத்திருக்கும் கூட்டத்தில் மல்லிகை, முல்லை, பவழமல்லி எல்லாம் அடக்கம்; லைலாக்கும் அதில்தான் வருகிறது. மணத்துக்குப் பேர்போன குடும்பம்.

லைலாக் இனங்களில் பெரும்பாலானவை சீனா, கொரியா பக்கத்தவை. ஒன்று இமயத்தின் மேற்குச் சரிவுகளில், காஷ்மீர், இமாசலப் பகுதிகளில் காடாக வளர்கிறது. ஐரோப்பாவுக்குச் சொந்தமானவை இரண்டே. அவற்றில் ஒன்றுதான் உலகம் முழுவதும் தோட்டங்களில் காணப்படும் சாதாரண லைலாக். பால்கன் நாடுகளின் பாறைக் குன்றுகள் அதன் பிறப்பிடம். 16-ஆம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமானின் அரசவைக்குத் தூதராகப் போன பஸ்பெக் என்பவர் வழியாக அது கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வியன்னாவுக்கு வந்தது. அங்கிருந்து பிரான்ஸ், பிறகு குடியேறிகளின் மூட்டையோடு அமெரிக்கா. போன இடமெல்லாம் ஒரு பொதுத்தன்மை: கோடை உண்டு, ஆனால் உண்மையான குளிர்காலமும் உண்டு.

பூ பிறக்கும் மாதம்

வசந்தத்தில் லைலாக் பூப்பதைப் பார்ப்பவர்கள், அந்தப் பூ அந்த வசந்தத்தில்தான் உருவானது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது போன வருஷத்துப் பூ.

ஜூனில் பூ உதிர்ந்ததும் செடி புதுக் கிளைகளை விடுகிறது. அந்தக் கிளைகளின் நுனியில், கோடை முடிவதற்குள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத் தடித்த மொட்டுகள் அமைந்துவிடும். ஆகஸ்டில் அப்படி ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் வகுந்து உருப்பெருக்கியில் பார்த்தால், அடுத்த மே மாதத்தில் விரியப்போகும் கொத்து முழுவதும் அச்சு அசலாக உள்ளே மடங்கிக் கிடக்கும். பூவைச் செய்கிற வேலை கோடையிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது திறப்பது மட்டும்.

அப்படியென்றால் செப்டம்பரிலேயே திறந்துவிட்டால் என்ன? திறந்தால் அக்டோபர் உறைபனியில் அத்தனையும் போய்விடும்; விதையும் கிடைக்காது. ஆகவே பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. இதை ‘உறக்கநிலை’ என்போம். சாதாரணத் தூக்கம் அல்ல இது. நவம்பரில் எதிர்பாராமல் பத்து நாள் இளவெயில் அடித்தாலும் மொட்டு எழாது. எழக்கூடாது. வெயிலை நம்பி எழுந்த செடிகள் எல்லாம் அடுத்த வாரப் பனியில் செத்து, அவற்றின் சந்ததி அற்றுப்போயிருக்கும். குளிர்காலம் வந்து, இருந்து, போனதற்கான அத்தாட்சி மொட்டுக்கு வேண்டும். அதற்குக் கிடைக்கும் ஒரே அத்தாட்சி குளிர்.

இந்த உறக்கம் உடம்புக்குள் என்ன? பாப்லர், பிர்ச் மரங்களில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மொட்டின் நுனியில் உள்ள செல்களுக்கு இடையே மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. வளரச் சொல்லும் சேதிகள் அவற்றின் வழியாகத்தான் போய்வரும். இலையுதிர் காலத்தில் மரம் அந்த வாசல்களை ஒருவகைப் பொருளால் அடைத்துவிடுகிறது. நீண்ட குளிரில் அந்த அடைப்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பீச் மரத்தில் இன்னொரு தடயம் கிடைத்தது: மெக்சிகோவில் குளிர்காலத்திலும் உறங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பீச் ரகம். அதன் மரபணுக்களில் உறக்கத்தை நடத்தும் ஒரு சிறு கூட்டம் சிதைந்திருந்தது.

மூன்று தொட்டிகள், ஓர் உண்டியல்

மொட்டு குளிரை எப்படி எண்ணுகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பீச் விவசாயிகள் பல காலமாகப் பின்பற்றும் எளிய முறை இதற்குப் போதும். வெப்பநிலை ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு காசு. மொட்டிடம் ஓர் உண்டியல். அது நிறையும்வரை என்ன செய்தாலும் மொட்டு திறக்காது. நிறைவதற்குத் தேவையான அளவு அந்தச் செடியின் ‘குளிர்த்தேவை’. ரகத்துக்கு ரகம் இது மாறும். நம் கணக்குக்கு 1,000 மணி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே கடையில் வாங்கிய மூன்று லைலாக் தொட்டிகள். நவம்பர் முதல் தேதி முதலாவது வரவேற்பறைக்குப் போகிறது. இரண்டாவது பால்கனியில் நிற்கிறது. மூன்றாவதைச் சூடேற்றாத கார் கொட்டகையில் வைக்கிறோம்.

வரவேற்பறையில் எப்போதும் 21 டிகிரி. ஏப்ரல்வரை காத்திருந்தாலும் உண்டியலில் ஒரு காசு விழாது. மொட்டு உறங்கி உறங்கியே சோர்ந்து காய்ந்துபோகும். சில மொட்டுகள் அரைத் தூக்கத்தில் இலை விடும். முதல் வீட்டுக்காரருக்குப் பூ கிடைக்காததன் காரணம் இவ்வளவுதான்.

பால்கனித் தொட்டியின் கணக்கு சுவாரசியமானது. நவம்பரில் டொரொண்டோ இதமான குளிர். அந்த மாதத்தின் 720 மணிகளில் 350 நம் வரம்புக்குள் வந்ததாகக் கொள்வோம். டிசம்பரில் 250. ஆக 600. ஜனவரிதான் உச்சக் குளிர் மாதம், அதில் நிறையச் சேரும் என்று தோன்றும். சேராது. வெப்பமானி மைனஸ் 10-ஐக் காட்டும்போது செல்லுக்குள் வேலையே நின்றுபோகிறது. அடைப்பைக் கரைப்பதும் ஒரு வேதிவேலைதானே. ஜனவரியில் 80, பிப்ரவரியில் 100 என்று வைத்தால் 780. மிச்சம் 220 மணி மார்ச் மாதத்தின் உருகும் நாட்களில் கிடைத்துவிடும். மார்ச் 20 வாக்கில் உண்டியல் நிறைகிறது. லைலாக்குக்குப் பிடித்தது கடுங்குளிர் அல்ல, மிதமான குளிர் என்பதை இந்தக் கணக்கில் பார்க்கலாம். கடுங்குளிரை அது பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

கார் கொட்டகையில் இரவும் பகலும் 4 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 24 காசு. 1,000-ஐ எட்ட 42 நாள். டிசம்பர் நடுவிலேயே அந்தச் செடி தயார். ஆனால் பூத்துவிடாது. உண்டியல் நிறைந்தபின் மொட்டு இன்னொரு கணக்கைத் தொடங்குகிறது. இந்த முறை எண்ணுவது வெப்பத்தை. ஒரு நாளின் சராசரி 5 டிகிரிக்கு மேல் எத்தனை டிகிரி போகிறதோ அத்தனையைக் கூட்டிக்கொண்டே வரும். 8 டிகிரி நாளுக்கு 3, 15 டிகிரி நாளுக்கு 10. இதை ‘வெப்பக்கூட்டு’ எனலாம். கொட்டகையின் 4 டிகிரியில் இது பூஜ்யமாகவே நிற்கும். ஆகவே குளிரின் கணக்கை முடித்தபிறகும் செடி வசந்தம்வரை சமர்த்தாகக் காத்திருக்கும். ஒண்டாரியோ ஏரிக்கரையில் ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்காற்று குளிர்ந்து வீசும். அதனால் கரையோரத் தோட்டங்களில் லைலாக் உள்பகுதியைவிடத் தாமதமாகப் பூக்கிறது. உறக்கம் கலைந்த பிறகும் கூட்டுத்தொகை மெதுவாக ஏறுகிறது.

நம்பகமான இந்த எண்ணிக்கையை அறிவியலாளர்கள் கருவியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1950-களின் நடுவில் மொண்டானாவில் ஜோசப் கேப்ரியோ என்பவர் மேற்கு அமெரிக்க மாநிலங்களில் உள்ள தோட்டப் பிரியர்களைச் சேர்த்து, லைலாக்கில் முதல் இலை எப்போது, முதல் பூ எப்போது என்று குறித்து அனுப்பச் செய்தார். பிறகு கிழக்குப் பகுதிகளுக்கும் பரவிய இந்த முயற்சியில் ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியமிட்ட கன்றுகளையே பல ஊர்களில் நட்டார்கள். மரபணு ஒன்று, மாறுவது ஊரின் வானிலை மட்டும். வசந்தம் எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வருகிறது, பல பத்தாண்டுகளில் அந்தத் தேதி எவ்வளவு முன்னால் நகர்ந்திருக்கிறது என்பதற்கு லைலாக் குறிப்புகள் இன்று முக்கியமான ஆவணம்.

உதகையில் இதை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில். ஜனவரி விடியற்காலையில் அங்கே உறைபனி விழுகிறது என்பது உண்மை. ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். சற்று நுட்பமான கணக்குமுறைகளில் 16 டிகிரியைத் தாண்டும் வெப்பமான மணிகள் சேர்ந்த காசைத் திருப்பி எடுத்துவிடுகின்றன. இரவில் போட்டதைப் பகல் எடுத்தால் உண்டியல் எப்போது நிறையும்?

ஈதர், வெந்நீர், படகு

குளிர்காலத்தின் நடுவில் லைலாக் கொத்து வேண்டும் என்று பணக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜனவரி மாத லைலாக் பெரிய ஆடம்பரம். ஆசை இருந்தால் தொழில் பிறக்கும். தொழில் இருந்தால் தில்லுமுல்லும் பிறக்கும்.

டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜொஹான்சன், பின்னாளில் 1909-இல் ‘ஜீன்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர், அதற்கு முன் லைலாக்கை மயக்கிக்கொண்டிருந்தார். மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்து, அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தாகப் பயன்பட்ட ஈதரின் ஆவியைச் செலுத்தினார். மனிதனைத் தூங்கவைக்கும் ஈதர், லைலாக் மொட்டை எழுப்பியது! அதன்பின் சூடான கண்ணாடி வீட்டில் வைத்தால் சில வாரங்கள் முன்னதாகவே பூத்தது. 1900-இல் இதைப் பற்றி அவர் புத்தகமே எழுதினார்.

ஈதர் எளிதில் தீப்பற்றும். தோட்டக்காரர் கையில் கொடுக்கத் தகுந்த பொருளல்ல. சில ஆண்டுகளில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் இன்னும் எளிய வழியைக் கண்டுபிடித்தார். செடியைத் தலைகீழாகப் பிடித்து, கிளைகளை மட்டும் 30 முதல் 35 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் மூழ்க வைப்பது. அவ்வளவுதான் வைத்தியம். அவர் ஒரு செடியின் பாதிக் கிளைகளை மட்டும் முக்கிப் பார்த்தார். அந்தப் பாதி பூத்தது. முக்காத பாதி மொட்டைக் குச்சியாகவே நின்றது. இந்த ஒரு சோதனை பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டது. செடிக்கென்று பொதுவான உண்டியல் கிடையாது. ஒவ்வொரு மொட்டும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது.

நெதர்லாந்தின் ஆல்ஸ்மீரில் இந்த அறிவு இன்றும் பிழைப்பாக இருக்கிறது. அங்குள்ள ஏரியில் சிறு சிறு தீவுகள். அவற்றில் லைலாக் தோட்டங்கள். குளிர் பட்ட செடிகளை வேர்மண்ணோடு தோண்டிப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, சூடான கண்ணாடி வீட்டில் பூக்கவைத்துக் கொத்துகளை வெட்டி விற்கிறார்கள். பிறகு அதே செடி படகேறித் தீவுக்குத் திரும்பும். ஒரு முறை அவசரப்படுத்தி எழுப்பிய செடியை மறுவருஷமும் எழுப்பினால் தாங்காது. ஓய்வு கொடுக்க வேண்டும். வீட்டில் தொட்டிச் செடியைப் பிப்ரவரியிலேயே உள்ளே கொண்டுவந்து பூக்கவைக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குட்டை எங்கிருந்து வந்தது?

சாதாரண லைலாக் நான்கைந்து மீட்டர் வளரும். அதைத் தொட்டியில் வைத்தால் தொட்டி அதைக் குட்டையாக்காது, ஏங்கவைக்கும். நெட்டையாகக் கால் நீண்டு, பூ குறைந்து, இலையில் சாம்பல் நோய் படிந்து பரிதாபமாக நிற்கும். தொட்டிக்கு வேண்டியது பிறவியிலேயே குட்டையான ரகம்.

அவற்றில் மிகப் புகழ்பெற்றதன் பெயர் ‘மிஸ் கிம்’. இரண்டாம் உலகப் போர் முடிந்து தென்கொரியா அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் இருந்தபோது, எல்வின் மீடர் என்ற தோட்டக்கலை வல்லுநர் அங்கே பணியாற்றினார். 1947-இல் சியோலுக்கு வடக்கே உள்ள புகான் மலையில் ஏறியபோது பாறையிடுக்கில் வளர்ந்திருந்த ஒரு லைலாக்கைப் பார்த்து, அதன் விதைகளைச் சேகரித்தார். நாடு திரும்பி நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் அவற்றை முளைக்கவைத்து, கிளம்பிய கன்றுகளில் அடக்கமாக வளர்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1954-இல் வெளியிட்டார். தன் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கிம் என்ற பெண்ணின் நினைவாகப் பெயர் வைத்தார் என்று கொரியர்கள் சொல்வார்கள். அதோடு ஒரு மனக்குறையையும் சொல்வார்கள்: தங்கள் மலையில் பிறந்த செடி, வெளிநாட்டுப் பெயரோடு இறக்குமதிப் பொருளாகத் திரும்பி வந்தது. நியாயமான குறைதான்.

பாறையிடுக்கில் வேர்விட்ட குலம் தொட்டியில் சமாளிப்பதில் வியப்பில்லை. மிஸ் கிம் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை போகும். கவனிக்காமல் விட்டால் இன்னும் கொஞ்சம். சாதாரண லைலாக் பூத்து ஓய்ந்த பிறகு பூக்கும். இலையுதிர் காலத்தில் இலை கருஞ்சிவப்பாக மாறும். லைலாக்குகளில் இது அபூர்வம்.

இன்னும் குட்டை வேண்டுமென்றால் ‘பாலிபின்’. இது மெயர் லைலாக் என்ற இனத்தைச் சேர்ந்தது. ஒன்றேகால், ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும். ஹாலந்தில் பிறந்து அமெரிக்க வேளாண் துறைக்காகச் சீனா முழுவதும் நடந்தே செடி தேடிய ஃபிராங்க் மெயர், 1908-இல் பெய்ஜிங் அருகே ஒரு தோட்டத்தில் இந்த இனத்தைக் கண்டார். மெயர் எலுமிச்சைக்கும் அவர் பெயர்தான். 1918-இல் யாங்சி ஆற்றில் கப்பல் பயணத்தின்போது காணாமல்போனார். சில நாட்களில் உடல் ஆற்றில் கிடைத்தது. எப்படி விழுந்தார் என்பது கடைசிவரை துலங்கவில்லை.

கடைகளில் ‘லைலாக் மரம்’ என்று விற்கும் பொருளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நேரான ஒற்றைத் தண்டு; அதன் உச்சியில் உருண்டையான தலை. பார்க்க அழகாகவும் பால்கனிக்கு அடக்கமாகவும் இருக்கும். இது இயற்கையான மரமல்ல, ஒட்டுக்கன்று. தண்டும் வேரும் வேறொரு வலுவான லைலாக். தலை மட்டும் பாலிபின் போன்ற குட்டை. தலை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் தண்டின் உயரம் இனி மாறாது. ஆனால் வேர்ச்செடி சும்மா இருக்காது. அடியிலிருந்தும் தண்டின் நடுவிலிருந்தும் தன் சொந்தக் கிளைகளை விட்டுப் பார்க்கும். அவற்றைக் கண்டவுடன் ஒடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று வருஷம் விட்டுவிட்டால் வேர்ச்செடி தலையை முந்திக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் மெலிந்து காணாமல் போகும்.

வேருக்கு மட்டும் பயம்

‘பனியிலேயே விடுங்கள்’ என்று சொல்லிவிட்டு இந்தப் பகுதியை எழுதாமல் போனால் அது அரை உண்மை. மிஸ் கிம்மும் பாலிபினும் மைனஸ் 35 டிகிரியையும் தாங்கும் என்று கன்றுப் பண்ணை அட்டைகளில் போட்டிருக்கும். அந்த எண் தரையில் நட்ட செடிக்கு. பல மரச்செடிகளின் கிளைகள் மைனஸ் 30-ஐ அலட்சியமாகத் தாங்கும். அதே செடியின் இளவேர் மைனஸ் 5, மைனஸ் 10-லேயே செத்துவிடும். வேருக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டதே இல்லை. பனிப் போர்வைக்குக் கீழே மண் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். தொட்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நான்கு பக்கமும் காற்று.

தொட்டியின் அளவு இங்கேதான் முக்கியமாகிறது. கணக்குக்காகக் கனசதுரத் தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் பக்கமுள்ள தொட்டியில் பதினைந்தரை லிட்டர் மண் பிடிக்கும். 50 சென்டிமீட்டர் தொட்டியில் 125 லிட்டர். மண் எட்டு மடங்கு கூடியது. ஆனால் குளிர்காற்று படும் வெளிப்பரப்பு நான்கு மடங்குதான் கூடியது. ஆக பெரிய தொட்டியில் ஒவ்வொரு லிட்டர் மண்ணும் சிறிய தொட்டியில் இழப்பதில் பாதி வேகத்தில்தான் வெப்பத்தை இழக்கிறது. ஓர் இரவுக் கடுங்குளிர் அதன் நடுப்பகுதியை எட்டுவதற்குள் விடிந்துவிடும்.

அதற்காக 50 சென்டிமீட்டர் தொட்டியைப் பால்கனியில் ஏற்றித் தோட்ட மண்ணை நிரப்பினால், நனைந்த பிறகு எடை 200 கிலோவைத் தொடும். கட்டட நிர்வாகம் கதவைத் தட்டும். 40 முதல் 45 சென்டிமீட்டர் தொட்டி, கனம் குறைந்த மண்கலவை, குளிர்காலத்தில் தொட்டியைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்குச் சாக்கு, வீட்டுச் சுவரோடு ஒட்டிய மூலை: நடைமுறைக்கு இது போதும். கிளைகளைச் சுற்ற வேண்டாம். குளிரை எண்ணவேண்டிய மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. சூடேற்றாத கொட்டகை இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. நம் மூன்றாவது தொட்டிக்கு வேரும் பத்திரம், கணக்கும் விரைவு. மாதம் ஓரிரு முறை மண் காய்ந்துபோகாதபடி கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சரி. சுட்ட மண் தொட்டி வேண்டாம். உள்ளே ஈரம் உறைந்து விரியும்போது வெடித்துவிடும்.

கத்தரியை எடுக்கும் வாரம்

மதுரைப் பக்கம் மல்லிகை பயிரிடுவோர் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். செடியை அரை மீட்டர் உயரத்துக்கு இரக்கமில்லாமல் வெட்டிவிடுவார்கள். அதன்பின் விடும் புதுக் கிளைகளில்தான் மார்ச் முதல் பூ. வெட்டாவிட்டால் விளைச்சல் குறையும். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர்கள் கனடாவிலோ லண்டனிலோ லைலாக் வளர்க்கும்போது, இலையுதிர்ந்த செடியைப் பார்த்ததும் கை கத்தரியைத் தேடும். ஒரே குடும்பத்துச் செடிதானே!

குடும்பம் ஒன்று, கணக்கு வேறு. மல்லிகை அந்தப் பருவத்துக் கிளையிலேயே பூக்கிறது. லைலாக்கின் பூ ஆகஸ்டிலேயே கிளை நுனியில் தயாராகிவிட்டது என்று பார்த்தோம். நவம்பரில் நுனியை வெட்டினால் நீங்கள் வெட்டுவது அடுத்த மே மாதத்தின் மொத்தப் பூவையும். செடி செழிப்பாக வளர்ந்து பூவே காட்டாததற்குத் தவறான நேரத்துக் கவாத்தைப் போல அடிக்கடி காரணமாவது வேறில்லை.

லைலாக்கில் கத்தரிக்கு ஒரே நேரம், பூ வாடிய இரண்டு மூன்று வாரங்களுக்குள். வாடிய கொத்தை அதற்குக் கீழே உள்ள முதல் இலை ஜோடிவரை வெட்டலாம். மெலிந்த கிளைகள், உள்நோக்கி வளர்பவை, அளவை மீறி நீண்டவை எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். ஜூலை நடுவுக்குப் பிறகு கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள்.

மண், வெயில், உரம்

இவை சிக்கலானவை அல்ல. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் லைலாக் ஆசையை விட்டுவிடுவது நல்லது. தண்ணீர் தேங்கக்கூடாது. புளிப்பு மண் பிடிக்காது. அசேலியா, புளூபெரிக்கென்று விற்கும் கலவையை வாங்கிவிடாதீர்கள். மண் புளித்திருந்தால் சிறிது தோட்டச் சுண்ணாம்பு சேர்க்கலாம். தழைச்சத்து அதிகமுள்ள உரம் போட்டால் இலைதான் பெருகும். வசந்தத்தில் ஒரு முறை மெதுவாகக் கரையும் உரம் சிறிதளவு போதும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை, மொட்டு விரியும் முன், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளிச்சுற்று வேரைக் கொஞ்சம் நறுக்கி, புது மண் இட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.

கோடையிலும் மறுபடி பூக்கும் ரகங்கள் இப்போது கிடைக்கின்றன. வசந்தத்தில் ஒரு சுற்று, வெயில் தணிந்ததும் சிறிதாக இன்னொரு சுற்று. கோடைத் தொடக்கத்தில் உருவாகும் சில மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே விரிந்துவிடுவதுதான் ரகசியம். இரண்டாம் சுற்றின் பூவை விளம்பரப் படங்களை நம்பி எதிர்பார்க்கக் கூடாது. முதல் சுற்றில் பாதிகூட இருக்காது. தெற்குக் கலிபோர்னியாவில் குளிர்த்தேவை குறைந்த ‘லாவெண்டர் லேடி’ போன்ற ரகங்களை உருவாக்கினார்கள். அங்கே தோட்டக்காரர்கள் இலையுதிர் காலத்தில் தண்ணீரைக் குறைத்துச் செடியை உறங்கவைப்பார்கள். குளிர் செய்யாததை வறட்சி கொஞ்சம் ஈடுசெய்கிறது. ஆனால் லாவெண்டர் லேடி நெடிதாக வளரும், தொட்டிக்கு ஏற்றதல்ல.

வாங்குவதென்றால் பூத்திருக்கும்போதே கடைக்குப் போங்கள். ரகத்துக்கு ரகம் மணம் மாறும். மிஸ் கிம்மின் மணத்தில் காரம் கலந்திருக்கும் என்பார்கள், சிலருக்கு அது பிடிக்காது. மரவடிவக் கன்று என்றால் தண்டும் தலையும் சேரும் ஒட்டுப்பகுதி வெடிப்பில்லாமல் ஆறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முதல் வருஷம் கிடைக்கும் பூவுக்காக உங்களை நீங்களே பாராட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்த மொட்டுகள் முந்தைய கோடையில் கன்றுப் பண்ணையில் உருவாகி, அங்கேயே குளிரை எண்ணி முடித்தவை. உங்கள் தொட்டியின் கணக்கு இரண்டாவது வசந்தத்தில்தான் தெரியும்.